தேயாத மூட்டு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் செயற்கை இடுப்பு மூட்டின் வரலாறு. நான் மருத்துவன் அல்லேன்; வரலாற்றுப் பாடம் சொல்லுபவன். ஆயினும் கொல்லிமலையில் உழவர் ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நேரான விடை அன்று என்னிடம் இல்லை. ஊர் திரும்பிய பின் அவ்விடையைத் தேடிப் படித்தவற்றையே இங்குச் சொல்லப்போகிறேன்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், மலையின் தலையில் ஒரு தனி நாடே இருப்பதுபோலத் தோன்றும். சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் நிலங்கள்; இடையிடையே நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்கள்; அம்மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள். செம்மேட்டிற்கு அப்பால் ஒரு சிற்றூரில் என்னைத் தம் திண்ணையில் அமர்த்திய உழவருக்கு வயது நாற்பத்தாறு. மிளகு பறிக்க ஏணி ஏறியவர் தவறி விழுந்தார். தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. அவ்விடத்தில் முறிவு நேர்ந்தால் எலும்பின் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் அறுபட்டுப்போவதுண்டு. அவருக்கும் அதுவே நேர்ந்தது. தலை மெல்ல மெல்லச் செத்து நொறுங்கியது. அரசினர் மருத்துவமனை ஒன்றில் புதிய மூட்டு வைத்து அனுப்பினார்கள். இன்று கைத்தடியில்லாமல் நடக்கிறார்.

அவர் கேட்ட கேள்வி இது: “ஏங்க, ஒருத்தர் இரும்புங்கிறாரு, ஒருத்தர் பீங்கானுங்கிறாரு, ஒருத்தர் பிளாஸ்டிக்குங்கிறாரு. எதுவா இருந்தாலும் சரிங்க, இது எத்தனை வருசத்துக்குத் தேயாம ஓடும்?”

“பல ஆண்டு ஓடும்” என்றேன். அவர் சிரித்தார். பல ஆண்டு என்பது ஓர் எண் அன்று என்பது அவருக்குத் தெரியும்.

தேயாத உடல் என்னும் கனவு அம்மலைக்குப் புதிதன்று. கொல்லிப்பாவை என்னும் தெய்வ உருவத்தைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். காற்று மோதினாலும், மழை அறைந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அப்பாவையின் வடிவழகு குறைவதில்லை என்று நற்றிணைப் பாடல் ஒன்று சொல்கிறது. தெய்வத்திற்கு அது இயலும். மனிதன் கையால் செய்த பொருளோ, ஒன்றோடொன்று உராய்ந்தால் தேயத்தான் செய்யும். இதற்குச் சான்று அந்த உழவரின் முற்றத்திலேயே இருந்தது. அவர் தாயார் திரிகையில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார். திரிகையின் மேற்கல்லும் கீழ்க்கல்லும் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து வழவழப்பாகிவிடும். பிறகு கல் கொத்துபவரைக் கூப்பிட்டுக் கொத்த வேண்டும். கொத்திய மறுநாள் அரைக்கும் மாவு வாயில் நெறுநெறுக்கும். இந்த நெறுநெறுப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செயற்கை மூட்டின் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் அதைச் சுற்றியதே.

இயற்கை நமக்குத் தந்த மூட்டை முதலில் பார்ப்போம். இடுப்பு மூட்டு, பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்த பந்துக் கிண்ண மூட்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இரண்டின் மேலும் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது; இடையில் மூட்டுநீர். நன்றாக நடமாடும் ஒருவர் ஓராண்டில் ஒவ்வொரு காலாலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் அடி எடுத்து வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் அம்மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு. மலையேறுவோர்க்கு இன்னும் மிகுதி. இத்தனைக்கும் நலமான மூட்டின் உராய்வு பனிக்கட்டிமேல் இரும்பு சறுக்குவதைக் காட்டிலும் குறைவு. இவ்வளவு சிறந்த பொறியை மனிதன் இன்னும் செய்யவில்லை. அதன் ஒரே குறை, குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டும் ஒழுங்காக வளர்வதில்லை என்பதே.

அழிந்த மூட்டிற்கு மாற்று வைக்க முனைந்தவர்களுள் முன்னோடி, பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் தெமிஸ்டோக்லெஸ் குளுக். 1890, 1891ஆம் ஆண்டுகளில் அவர் யானைத் தந்தத்தில் மூட்டுகள் கடைந்து, காசநோயால் எலும்பு அரிக்கப்பட்டவர்களுக்குப் பொருத்தினார். நோய்த்தொற்று அவருடைய முயற்சியை வீழ்த்தியது. பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன் 1923இல் கண்ணாடிக் கிண்ணத்தை எலும்பின் தலைக்குக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடி நொறுங்கியது. 1938இல் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகக் கலவைக்கு மாறினார், அது நின்றது. 1946இல் பாரிசில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் எலும்புத் தலை செய்தார்கள். முதலில் வியப்பூட்டும் வெற்றி. சில ஆண்டுகளில் அந்தத் தலைகள் தேய்ந்தும் உடைந்தும் போயின.

தந்தம் அத்துடன் மறைந்துவிடவில்லை. நம் அண்டை நாடான பர்மாவில், மாந்தளை நகரத்து மருத்துவர் சான் பா, 1960 முதல் யானைத் தந்தத்தில் தொடையெலும்புத் தலை கடைந்து பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி எண்பது வயது கடந்த ஒரு பௌத்தத் துறவி அம்மையார். 1969இல் இலண்டன் சென்று தம் அனுபவத்தை எடுத்துரைத்தபோது முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அவர் தந்த மூட்டு வைத்திருந்தார். வெளிநாட்டு உலோகம் கிடைக்காத நாட்டில், யானைகள் மரமிழுத்து வாழ்ந்து மடியும் நாட்டில், கைக்கெட்டிய பொருளை அவர் எடுத்துக்கொண்டார். மருத்துவ வரலாற்று நூல்கள் பலவற்றில் அவர் பெயர் இடம்பெறாதது எனக்கு வருத்தமே.

இனி இக்கதையின் நடுநாயகரிடம் வருவோம். ஜான் சார்ன்லி, 1911இல் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் பிறந்தவர். ஜூடே மூட்டு வைக்கப்பட்ட ஒருவர் அவரிடம் வந்தார். அந்த மனிதர் அசையும்போதெல்லாம் மூட்டு கிறீச்சிட்டது. அவ்வொலி தாளாமல் அவர் மனைவி வேறு அறைக்குப் போய்விடுவாராம். மற்றவர்கள் இதை வேடிக்கையாகக் கேட்டிருப்பார்கள். சார்ன்லி, “ஒலி எழுகிறதென்றால் உராய்வு மிகுதி, உராய்வு மிகுதியென்றால் எலும்போடு பிணைத்த பிணைப்பு தளரும்” என்னும் வழியில் சிந்திக்கத் தொடங்கினார். ஆகவே திண்ணிய பொருளுக்குப் பதிலாக வழுக்கும் பொருளைத் தேடினார். அக்காலத்தில் அறியப்பட்ட திடப்பொருள்களில் மிகவும் வழுக்குவது டெஃப்லான். இன்று நம் வீட்டுத் தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள். 1958 முதல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தலானார். எஃகுப் பந்து, டெஃப்லான் கிண்ணம்.

நடக்க முடியாதிருந்தவர்கள் நடந்தார்கள். வலி ஒரே நாளில் போயிற்று என்றார்கள். ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அவ்வாறு செய்தார். பிறகு, இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும், அவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். கிண்ணம் மில்லிமீட்டர் கணக்கில் குடைந்துபோயிருந்தது. அதனினும் கொடிது வேறொன்று. தேய்ந்த பொருள் எங்கே போகும்? உடலைவிட்டு வெளியே போக வழியில்லை. மூட்டைச் சுற்றி வெண்ணிறக் கட்டிகளாகத் திரண்டிருந்தது. அருகிலிருந்த எலும்பும் அரிக்கப்பட்டிருந்தது. மாவில் விழுந்த கல்தூளை நாம் துப்பிவிடுகிறோம். இந்தத் தூளைத் துப்ப வழியில்லை.

சார்ன்லி அடுத்துச் செய்ததுதான் அவரை என் மதிப்பில் உயர்த்துகிறது. டெஃப்லான் துகளைத் தம் தொடையிலேயே தோலடியில் பதித்துக்கொண்டார். மாதங்கள் சென்றபின் அவ்விடத்தில் அழற்சியும் கட்டியும் தோன்றின. பொருள் கட்டியாக இருக்கும்போது உடல் பொறுத்துக்கொள்கிறது. துகளாகும்போது பொறுப்பதில்லை என்பதைத் தம் உடலிலேயே கண்டார். 1963இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். தம் தோல்வியை மறைக்கவில்லை. தாமே வைத்த கிண்ணங்களை, தம்மை நம்பி வந்தவர்களின் உடலினின்றும் தாமே ஒவ்வொன்றாக எடுத்தார்.

விடிவு வந்த வழி விந்தையானது. 1962இல் ஒரு விற்பனையாளர் புதிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மருத்துவமனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். லங்காஷயர் ஆலைகளின் விசைத்தறிகளில் பற்சக்கரம் செய்யப் பயன்பட்ட பொருள் அது. மிக நீண்ட மூலக்கூறுகளையுடைய பாலிஎத்திலீன். கொல்லிமலையிலிருந்து இறங்கிப் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் தெருவெல்லாம் விசைத்தறி ஓசை கேட்கும்; அத்தகைய ஓசையின் நடுவிலிருந்துதான் மூட்டு மருத்துவத்தின் பொருளும் வந்தது. சார்ன்லி அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது. இது பயன்படாது என்று தள்ளிவிட்டார். பட்டறைத் தொழிலாளர் ஹாரி கிரேவன் அதைத் தள்ளவில்லை. சார்ன்லி வெளியூர் சென்றிருந்தபோது தாம் செய்திருந்த தேய்மானச் சோதனைப் பொறியில் அத்துண்டை மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும் அது தேய்ந்த அளவு, டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவிற்குக் கூட வரவில்லை. சார்ன்லி திரும்பி வந்தார், பார்த்தார், தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

முன்பு சுட்ட விரல் அல்லவா? இம்முறை அவர் விரையவில்லை. மற்ற மருத்துவர்கள் கேட்டும் சில ஆண்டுகள் அம்மூட்டை எவருக்கும் விற்க இசையவில்லை. தம் நோயாளிகளிடம், “நீங்கள் மறைந்த பிறகு இம்மூட்டை எனக்குத் திருப்பித் தரவேண்டும்” என்று கேட்டுக்கொண்டார், பலர் இசைந்தார்கள். அவ்வாறு திரும்பி வந்த கிண்ணங்களை அளந்துதான் ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்பதை உலகம் அறிந்தது. சார்ன்லிக்கு 1977இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது, 1982இல் காலமானார்.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு கணக்குப் போடலாம். சார்ன்லியின் பந்து சிறியது. விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். அக்காலக் கிண்ணம் ஆண்டிற்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் ஆழம் தேயும். பந்தின் குறுக்கு வெட்டுப் பரப்பை அந்த ஆழத்தால் பெருக்குங்கள்: 38 அல்லது 39 கன மில்லிமீட்டர் வரும். ஒரு மிளகின் பருமன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் தேய்ந்து உதிரும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானினும் சிறியவை. அரை மைக்ரான் விட்டமுள்ள உருண்டைகள் என்று கொண்டு வகுத்தால் ஓராண்டில் ஏறத்தாழ 60,000 கோடி துகள். பத்து இலட்சம் அடிக்குப் பகிர்ந்தால் அடி ஒன்றிற்கு ஆறு இலட்சம் துகள். சார்ன்லி பந்தைச் சிறிதாக வைத்ததற்கும் இக்கணக்கு ஒருவகையில் விடை தருகிறது. அதே ஆழத் தேய்மானத்தில் 32 மில்லிமீட்டர்ப் பந்து 80 கன மில்லிமீட்டர் தூளைத் தரும். சிறிய பந்து உராய்வுத் திருகலையும் குறைக்கும். எளிதில் கிண்ணத்தைவிட்டு நழுவிவிடும் என்பது அதன் குறை.

இந்த நுண்துகளைத் திசுவில் உள்ள விழுங்கும் உயிரணுக்கள் கிருமியென்று எண்ணி விழுங்குகின்றன. பாலிஎத்திலீனைச் செரிக்க அவற்றால் இயலாது. அவை எழுப்பும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையக் கரைய மூட்டு ஆடத் தொடங்குகிறது. இந்நோயை மருத்துவ உலகம் உடனே அறிந்துகொள்ளவில்லை. 1970களில் ஜெர்மானிய ஆய்வாளர் வில்லர்ட் துகளின்மேல் விரல் நீட்டினார். ஆயினும் 1980களின் பிற்பகுதியிலும் மூட்டை எலும்பில் ஒட்டப் பயன்பட்ட சிமென்டே குற்றவாளி என்று பலர் கருதினார்கள். சிமென்டு இல்லாமல் பொருத்தியவர்களுக்கும் எலும்பு கரைந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

இதற்கிடையில் வேறொரு கூட்டத்தார், தேயாத பொருளையே கொண்டுவந்துவிட்டால் துகள் ஏது என்று எண்ணினார்கள். இங்கே கொல்லிமலை மீண்டும் நம் பேச்சிற்குள் வருகிறது.

அம்மலையின் உச்சிகளில் செம்மண் நிறத்தில் ஒரு கனிமம் உண்டு. அது பாக்சைட். 1965 முதல் மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலைக்கு அது கொல்லிமலையிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் சென்றது. 2008இல் அவ்வாலையில் உற்பத்தி நின்றுபோயிற்று. பாக்சைட்டைத் தூய்மை செய்தால் கிடைக்கும் வெண்பொடி அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. அதே அலுமினிய ஆக்சைடு நிலத்தின் ஆழத்தில் படிகமாக இறுகினால் அதற்குப் பெயர் குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறம் பெற்ற வடிவங்களே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரத்தில் குருந்தம் கிடைப்பது ஐரோப்பியக் கனிமவியலார்க்கு நெடுங்காலமாகத் தெரியும். உலக மொழிகளில் அக்கனிமத்திற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயரே நம் குருந்தத்தினின்றும் போனது. குருந்தத் தூளை அரக்கோடு குழைத்துச் சாணைச் சக்கரம் செய்து மணிகளைத் தீட்டியது நம் நாட்டுப் பழைய தொழில். வைரம் ஒன்றைத் தவிர்த்தால் இயற்கையில் இதனினும் கடினமான கல் அரிது. பிறவற்றைத் தேய்க்கும், தான் தேயாது.

1970இல் பிரான்சு நாட்டுப் போ நகரத்தில் பியேர் பூட்டேன் என்னும் மருத்துவர் பந்து, கிண்ணம் இரண்டையும் அலுமினாப் பீங்கானால் செய்து பொருத்தினார். தேய்மானம் மிகமிகக் குறைந்தது. ஆனால் பீங்கானின் பழைய குணம் போகவில்லை. சில பந்துகள் உடைந்தன. கடினம் வேறு, வலிமை வேறு என்பதை அது காட்டிற்று. பீங்கானில் அக்காலத்தில் பரல்கள் பெரியனவாக இருந்தன; ஒரு பரலின் விளிம்பில் தோன்றிய வெடிப்பு தடையின்றி ஓடியது. பின்வந்தோர் பரலை நுணுக்கினார்கள், மாசு நீக்கினார்கள், சூளையில் எல்லாப் பக்கமும் அழுத்தம் கொடுத்துச் சுட்டார்கள், இறுதியில் அலுமினாவோடு சிறிதளவு சிர்கோனியாவைக் கலந்தார்கள். வெடிப்பு ஒன்று ஓடிவந்தால் அந்தச் சிர்கோனியாப் பரல் உருமாறிச் சற்றே பருத்து வெடிப்பின் வாயை அடைக்கிறது. ஆயினும் சிர்கோனியா மட்டுமே கொண்டு செய்த பந்துகள் சில, சுடும் முறையை மாற்றியதால் உடைந்து, 2001இல் திரும்பப் பெறப்பட்டன. இன்னொன்றும் நிகழ்ந்தது. பீங்கானோடு பீங்கான் உராயும் மூட்டுகள் சிலவற்றில் கிறீச்சொலி கேட்கிறது. ஐம்பதாண்டு கழித்து ஜூடே மூட்டின் ஒலி வேறு வாயால் திரும்பியதுபோலும்!

கடினமான பொருளே வெல்லும் என்று எண்ணிய எனக்கு, நம் பக்கத்துத் திருவனந்தபுரத்துக் கதை ஒன்று அறிவு புகட்டிற்று. அது மூட்டின் கதையன்று, இதய வால்வின் கதை. ஆனால் இடர் ஒன்றே. ஆண்டுக்கு ஏறத்தாழ நாலு கோடி முறை திறந்து மூடும் தட்டு, தன்னைத் தாங்கும் உலோகக் கூட்டோடு உராய்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உழைத்தவர்கள் தட்டிற்குச் செயற்கை நீலமணிப் படிகத்தை, அதாவது நம் குருந்தத்தை, எடுத்துப் பார்த்தார்கள். முன்மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. முடிவில் கோபால்ட் கலவைக் கூட்டிற்குள் பாலிஎத்திலீன் தட்டை வைத்தார்கள். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்துத் தள்ளிய அதே மென்பொருள்! 1990 டிசம்பர் 6ஆம் நாள் அவ்வால்வு முதன்முதலாக ஒருவர் இதயத்தில் பொருத்தப்பட்டது. அதன் பின் பல்லாயிரவர்க்கு அது வாழ்வளித்தது. தேய்மானம் என்பது ஒரு பொருளின் குணம் அன்று. இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள உறவின் குணம் என்று நான் அப்போதுதான் தெளிந்தேன். திரிகையின் மேற்கல்லை மட்டும் பார்த்து மாவு எப்படியிருக்கும் என்று சொல்ல முடியுமா?

உலோகத்தோடு உலோகம் உராயவிட்டவர்களும் இதை அறிந்துகொண்டார்கள், பெரும் விலை கொடுத்து. பெரிய பந்து, மெல்லிய உலோகக் கிண்ணம் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டை ஒட்டி இளைஞர்க்கு ஏற்றதென்று உலகெங்கும் பரவியது. சோதனைப் பொறியில் தேய்மானம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் மனித உடலில் கிண்ணம் சிறிது சரிந்து அமைந்தாலும் விளிம்பில் சுமை ஏறிற்று. கோபால்ட்டும் குரோமியமும் குருதியில் கலந்தன. சதையும் எலும்பும் கெட்டன. 2010இல் அத்தகைய மூட்டு வகை ஒன்று உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டிலும் அதைத் தாங்கியவர்கள் பலர். திரும்பப் பெறுவதென்றால் கடைக்குப் பொருளைத் திருப்பித் தருவதா? மறுபடி ஓர் அறுவை. இதை எழுதும்போதும் எனக்குச் சினம் எழுகிறது. நோயாளி மறைந்த பின்னும் மூட்டைக் கேட்டு வாங்கி அளந்த ஒருவரின் பொறுமை எங்கே, விற்பனையின் வேகம் எங்கே!

இனிப் பாலிஎத்திலீனின் இரண்டாம் பிறப்பைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக, செய்த கிண்ணங்களைக் கிருமி நீக்குவதற்குக் காமாக் கதிரில் காட்டி, காற்றுள்ள உறையிலேயே அடைத்து வைத்தார்கள். காமாக் கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே அறுக்கிறது. அறுந்த நுனிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் பிளாஸ்டிக் முறுகிப்போகும். ஆக, கிண்ணம் உடலுக்குள் போகுமுன்னரே, அலமாரியில் இருந்தபடியே கெட்டுக்கொண்டிருந்தது! 1990களில் இது தெளிவான பின் காற்றில்லாத உறைக்கு மாறினார்கள். அறுந்த நுனிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆக்சிஜன் கிட்டாவிட்டால் அவை பக்கத்துச் சங்கிலியோடு பிணைந்துகொள்கின்றன. கயிறுகள் குவியலாகக் கிடப்பதற்கும் அவற்றை முடிச்சிட்டு வலையாக்குவதற்கும் உள்ள வேறுபாடு அது. வலையாகிவிட்ட பிளாஸ்டிக் இழையிழையாக உரிவதில்லை. ஜப்பானில் ஓனிஷி என்னும் மருத்துவர் 1971லேயே மிகுந்த காமாக் கதிரூட்டிய கிண்ணங்களை வைத்து நல்ல பயன் கண்டிருந்தார். உலகம் அதைப் பெரிதும் கவனிக்கவில்லை. 1990களின் இறுதியில்தான் அமெரிக்க ஆய்வாளர்கள், அளவான கதிரூட்டி, பிறகு சூடேற்றி எஞ்சிய நுனிகளை அடக்கும் முறையை வகுத்தார்கள். பின்னர் எஞ்சிய நுனிகளைத் தணிக்க வைட்டமின் ‘ஈ’ கலந்த பிளாஸ்டிக்கும் வந்தது. கெடுத்த கதிரே காத்தது.

முன்பு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்றிருந்த தேய்மானம், இப்புதிய கிண்ணத்தில் அதன் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்ற அளவிற்கு இறங்கியிருக்கிறது. இன்று பல மருத்துவமனைகளில் பீங்கான் பந்தும் வலைப்பிணைப்புப் பாலிஎத்திலீன் கிண்ணமுமே இணை. குருந்தத்தின் இனமும் விசைத்தறிப் பற்சக்கரத்தின் இனமும் ஒன்றோடொன்று ஒத்துப்போய்விட்டன.

உழவருக்குச் சொல்ல வேண்டிய எண்ணைத் தேடினேன். 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து, இடுப்பு மூட்டு வைத்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேருக்கு அது இருபத்தைந்தாண்டு நிற்கிறது என்று கண்டது. அவை பெரும்பாலும் பழைய பொருள்களால் ஆனவை. புதியவை அவ்வாய்வு வெளிவந்தபோது இருபத்தைந்தாண்டு முழுவதும் கண்டு முடித்திருக்கவில்லை. ஆதலால் அவற்றின் எண் அதில் இல்லை. மேலும் அப்பதிவுகள் நாற்காலியில் அமரும் நாடுகளின் பதிவுகள். தரையில் சம்மணமிட்டு, குந்தி அமர்ந்து களையெடுத்து, மேட்டிலும் பள்ளத்திலும் சுமை தூக்கி நடக்கும் மக்களின் கணக்கு அவற்றில் இல்லை.

மறுமுறை சென்றபோது இதை அப்படியே அவரிடம் சொன்னேன். வீட்டு வாசலில் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார். குந்தக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். “அப்ப இருபத்தஞ்சு வருசம் கழிச்சு எனக்கு எழுபத்தொண்ணுங்க,” என்று தாமே கணக்குப் போட்டுக்கொண்டார். ஆண்டுக்கொருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பந்து கிண்ணத்தின் நடுவில் நிற்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா என்று மருத்துவர் அளந்து பார்ப்பதாகச் சொன்னார். உள்ளே சென்று பழைய படங்கள் இரண்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்து, வெண்ணிற வட்டத்தை விரலால் காட்டினார். இரண்டிலும் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. அடுத்த படத்திற்கு ஆடி மாதம் ஓரி விழா முடிந்ததும் மலையிறங்குவதாகச் சொன்னார்.